சாந்தால் மக்களின் நாவில் வாழும் வரலாறு

வரலாற்றை எழுதும் உரிமை பெரும்பாலும் ஆண்டோர் கையிலேயே இருந்துவந்துள்ளது. அவர்கள் விட்டுச்சென்ற கோப்புகளைக் கொண்டே நாம் பழங்காலத்தை அறிய முற்படுகின்றோம். கோப்பில் ஏறாதவற்றை அறிய ஆளப்பட்டோரின் கதைகளுக்கும் செவிசாய்த்தல் வேண்டும். சாந்தால் பழங்குடியினரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தின் இராஜ்மகல் குன்றுகளை அடுத்த காடுகளைத் திருத்திக் கழனிகளாக்கியவர் சாந்தால்கள். நிலம் விளையத் தொடங்கியதும் வரிச்சுமை ஏறிற்று. வட்டிக்கடன் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கிற்று. முறையிடச் சென்றோர்க்கு நீதி கிட்டவில்லை. 1855 ஜூன் 30 அன்று, போக்னாடி என்னும் சிற்றூரில் சிது, கானு ஆகிய உடன்பிறந்தாரின் அழைப்பை ஏற்று ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். தம் எழுச்சியை அவர்கள் ‘ஹூல்’ என்றனர். கும்பினி அரசு அதனைக் ‘கலகம்’ என்றது. நவம்பரில் இராணுவச் சட்டம் பிறப்பித்து, 1856-இன் தொடக்கத்தில் அதனை அடக்கிற்று.

அவ்வாண்டே ‘இல்லஸ்டிரேட்டட் லண்டன் நியூஸ்’ இதழ் இப்போரைப் படங்களாக வெளியிட்டது. வில்லேந்திய கூட்டத்தைப் படத்தில் காட்டுதல் எளிது. அவர்களை வில்லேந்தச் செய்த வட்டிக் கணக்கைக் காட்டுதல் அரிது. அக்காரணத்தைப் பாட்டிலும் பேச்சிலும் காத்தவர் சாந்தால் முதியோரே.

1871-இல் கோலேயான் என்னும் முதியவர் தம் இனத்தின் தோற்றத்தையும் மரபுகளையும் எடுத்துரைக்க, நார்வே நாட்டுப் பாதிரியார் ஸ்க்ரெப்ஸ்ருட் எழுதிக்கொண்டார். அது 1887-இல் சாந்தாலி மொழியிலேயே நூலாயிற்று. பெரும்பணிதான், எனினும் எழுதிய கை அயலாருடையது, எழுத்தும் ரோமானியருடையது. தம் மொழிக்கென ஓர் எழுத்து வேண்டுமென எண்ணிய மயூர்பஞ்சைச் சேர்ந்த இரகுநாத் முர்மு, 1925-இல் ‘ஓல் சிக்கி’யை வகுத்தார். 2003-ஆம் ஆண்டின் அரசியல் சட்டத் திருத்தத்தால் சாந்தாலி எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றது. போக்னாடியிலிருந்து அவ்விடத்தை எட்ட ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின.

பிறந்த மண்ணைவிட்டு வந்து வாழும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. பாட்டியின் கதையைப் பிள்ளைகள் தமிழிலேயே கேட்க வேண்டுமென விழைகின்றோம். அவ்விழைவு பிறர்க்கும் உண்டென உணர்தல் தமிழர்க்கு அழகு. நம் பிள்ளைகள் பாடநூலில் ‘சாந்தால் கலகம்’ என்னும் இரு சொற்களைக் கண்டு கடந்து போகையில், சற்றே நிறுத்தி, ஹூல் ஏன் எழுந்தது என்பதை அவர்கட்குச் சொல்வோமாக.