கொலம்பியா ஆற்றின் வாத்துகள்

1805 நவம்பரில் அமெரிக்காவின் மேற்குக் கடலை நோக்கிக் கொலம்பியா ஆற்றில் ஓடங்களில் சென்ற லூயிஸ், கிளார்க் குழுவினரை நீர்ப்பறவைகளின் பெருங்கூட்டம் எதிர்கொண்டது. காட்டு வாத்துகளும் அன்னங்களும் இரவு முழுவதும் எழுப்பிய பேரிரைச்சலால் உறங்க இயலவில்லை என்று கிளார்க் தம் நாட்குறிப்பில் சலித்துக்கொள்கிறார். களைத்த பயணியின் எரிச்சலை நாம் குறைகூறுவதற்கில்லை. ஆயினும் அவர் வெறுத்த அவ்வொலி, அம்மண்ணின் வளத்திலிருந்து எழுந்ததாகும். சதுப்பு நீரில் விளைந்த வாப்பட்டோ கிழங்கைப் பறவைகளும் உண்டன. சினூக் இனப் பெண்களும் நீருக்குள் இறங்கிக் காலால் பெயர்த்தெடுத்தனர். அன்றைய தினமே பதினான்கு வீடுகள் கொண்ட காத்லபோட்டில் என்னும் ஊரைக் குழுவினர் கடந்து சென்றனர். 1830இல் அவ்வாற்றங்கரையில் பரவத் தொடங்கிய காய்ச்சல் (மலேரியா என்றே ஆய்வாளர் பலரும் கருதுகின்றனர்) அம்மக்களுள் பெரும்பாலோரை மாய்த்தது. ஊர் இருந்த இடம் 1965இல் நிறுவப்பட்ட ரிட்ஜ்ஃபீல்டு பறவைகள் காப்பகத்தினுள் அடங்கியுள்ளது. குளிர்காலந்தோறும் வாத்துகள் அங்கு வருகின்றன.