குடியை விட்டவனின் இரவு

கள்ளுண்ணாமையைக் கூறும் குறளதிகாரம் உறங்குவோரைச் செத்தாருக்கும், கள்ளுண்போரை நஞ்சுண்பாருக்கும் ஒப்பிடுகின்றது. யாழ்ப்பாணத்துச் சிறார் தலைமுறை தலைமுறையாய்ப் பயின்ற நாவலரின் பாலபாடமும் கள்ளுண்ணலைப் பாவமென்று கண்டித்தது. 1816இல் இங்கு வந்த அமெரிக்க மிஷனாரும் மதுவிலக்கைப் போதித்தனர். சமயத்தால் முரண்பட்டோர் இவ்வொன்றில் உடன்பட்டனர். ஆயினும், குடிப்பவனின் மயக்கத்தைப் பழித்த இந்நீதி மரபு, குடியை விட்டவனின் உறக்கமற்ற இரவைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இம்மௌனத்திற்குக் காரணம் உண்டு. ஆங்கில ஆட்சிக்குச் சாராயக் குத்தகை பெருவருவாய் தந்தது. குத்தகைக்காரரிடம் பெருஞ்செல்வம் திரண்டது. 1912இன் மதுவரிச் சட்டத்தையொட்டிக் கள்ளுத் தவறணைகள் பெருகியபோது, இலங்கையெங்கும் மதுவிலக்கு இயக்கம் கொதித்தெழுந்தது. அதன் நியாயத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் தவறணையை மூடுவதே அதன் இலக்காயிருந்தது. குடி ஒழுக்கக்கேடு என்றே கருதப்பட்டமையால், வரி பெற்ற அரசு தப்பிக்கொள்ள, பழி மரமேறும் தொழிலாளியையும் குடிக்கும் கூலியாளையும் சார்ந்தது. பாவிக்குப் போதனை போதும். நோயாளிக்கன்றோ பராமரிப்பு வேண்டும்!

குடியை நோயென்று கொள்ளும் கருத்து புதிதன்று. பிரித்தானியக் கடற்படை வைத்தியரான தோமஸ் ட்ரொட்டர் 1804இலேயே அவ்வாறு எழுதினார். 1813இல் தோமஸ் சட்டன், குடிகாரரைப் பற்றும் நடுக்கத்தோடு கூடிய சன்னியை விவரித்தார். அது குடியால் வருவதா, குடியை நிறுத்துவதால் வருவதா என்ற வாதம் நெடுங்காலம் நீடித்தது. 1955இல் அமெரிக்காவின் லெக்சிங்டன் நகரில் ஹரிஸ் இஸ்பெல் குழுவினர், முன்பு மோர்பினுக்கு அடிமையாயிருந்த பத்துப் பேருக்குப் பல வாரங்கள் மதுவூட்டிப் பின் நிறுத்திப் பார்த்தனர். போதிய உணவு கொடுத்தும் நடுக்கமும் உறக்கமின்மையும், சிலருக்கு வலிப்பும் சன்னியும் தோன்றின. நிறுத்தமே காரணம் என்பது துலங்கிற்று. இவ்வறிவுக்கும் சிறைப்பட்டோரின் உடலே கருவியாயிற்று.

மது மூளையின் கிளர்ச்சியை அடக்குகின்றது. நாள்தோறும் அடக்கப்படும் மூளை, தன்னைச் சமன்செய்யக் கிளர்ச்சியை மிகுவித்துக்கொள்கின்றது. மது நின்றதும் அக்கிளர்ச்சி மட்டுமே எஞ்சி நிற்கும். முதல் சில நாட்களே பேராபத்தானவை. ஆதலின் நெடுநாட் குடித்தவர் வைத்தியரின் மேற்பார்வையிலேயே நிறுத்துதல் வேண்டும். உறக்கக் குலைவோ வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். மீண்டும் குடிக்கு இழுக்கும் காரணங்களுள் அதுவும் ஒன்று.

நமது குடாநாட்டில் இவ்வுடற்காரணத்தோடு வரலாறும் சேர்ந்துகொண்டது. 1995இன் வலிகாமப் பெரும் இடப்பெயர்வும், 2009இல் முடிந்த போரும் பலரின் உறக்கத்தைப் பறித்தன. நினைவை அடக்கக் குடித்தவர் குடியை விடும்போது, அடங்கிக் கிடந்த நினைவுகள் இரவில் எழுகின்றன. போரின் மனவடுவை ஆராய்ந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், மதுப் பழக்கத்தையும் அதனோடு சேர்த்தே நோக்கியிருக்கின்றார்.

எனவே, மீண்டும் குடித்தவனை ‘மனவுறுதி அற்றவன்’ என்று ஏசுமுன், அவன் எத்தனை இரவு விழித்திருந்தான் என்று கேட்டல் வேண்டும். உறக்கமின்மைக்கு உளவளச் சிகிச்சையும், நாளொழுங்கும், வேலையும், உடனிருக்கும் குடும்பமும் மருந்தாகும். குடியை விட்டவனின் இரவுக்கும் பொறுப்பேற்கும்போதுதான் மதுவொழிப்பு, மக்கள் இயக்கம் என்னும் பெயருக்கு உரியதாகும்.