கோவளம் கழிமுகப் படிவுகளும் தொல்வெள்ள வரலாறும்: கேளம்பாக்கம் பகுதியை முன்வைத்து

முன்னுரை

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 494 மி.மீ. மழை பதிவாயிற்று. இத்தகைய மழை முன்னரும் பெய்ததா, பெய்ததெனில் எத்தனை நூற்றாண்டுகளுக்கு ஒருமுறை என்னும் வினாக்களுக்குக் கருவிப் பதிவுகள் மட்டும் விடை தாரா. சென்னையின் நெடிய மழைப்பதிவு 1813ஆம் ஆண்டளவில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய காலத்திற்கு நீர் விட்டுச்சென்ற மண்ணே முதன்மைச் சான்று. ஆயின் தென்சென்னைப் பகுதியில் அம்மண் மழையை மட்டும் பதிவு செய்யவில்லை. ஏரிகளின் பராமரிப்பையும் பதிவு செய்துள்ளது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

தொல்வெள்ள ஆய்வு நெறி

பாறைப் பள்ளத்தாக்கில் பெருவெள்ளம் பாயும்போது, துணையாற்று முகங்களிலும் பாறைக் குடைவுகளிலும் நீர் பின்வாங்கித் தேங்குகிறது. வேகம் குன்றிய நீரிலிருந்து நுண்மணலும் வண்டலும் படிகின்றன. இத்தேங்குநீர்ப் படிவின் உயரம் வெள்ளம் எட்டிய குறைந்தபட்ச மட்டத்தைக் காட்டும். ஆற்றின் குறுக்குவெட்டையும் சரிவையும் கொண்டு நீரோட்ட அளவைக் கணிக்கலாம். நருமதை ஆற்றில் ஈலி, என்செல், பேக்கர், காலே, மிஸ்ரா ஆகியோர் நிகழ்த்திய ஆய்வு (1996) இந்நெறியைச் சார்ந்தது. வடபெண்ணையாற்றின் மேற்படுகையில் தாமஸ், ஜுயல், காலே, சிங்வி ஆகியோர் (2007) ஒளிர்வுக் காலக்கணிப்பைக் கையாண்டனர்.

கேளம்பாக்கத்தின் நில அமைப்பு

மேற்கண்ட நெறியை அப்படியே கேளம்பாக்கத்திற்குப் பொருத்த இயலாது. இங்குப் பாறைப் பள்ளத்தாக்கு இல்லை. வெள்ளம் சமவெளியில் பரவுகிறது. நீர்மட்டத்தைக் கடல் ஏற்றவற்றமும் மாற்றுகிறது. சேலையூர், செம்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பை அடைந்து, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளம் கழிமுகத்திற்கு வருகிறது. ஆகவே இங்கு நீரோட்ட அளவைக் கணிப்பது அரிது. கழிமுகச் சேற்றடுக்குகளில் வெள்ளங்களின் வரிசையைத் தேடுவதே இயலும்.

ஏரியும் படிவும்

தொண்டைமண்டலத்தில் ஏரி அமைப்பு பல்லவர் காலத்திலேயே வேரூன்றியிருந்தது. முதலாம் மகேந்திரவர்மனின் மகேந்திர தடாகமும், கூரத்துப் பரமேசுவர தடாகமும் 7ஆம் நூற்றாண்டுச் சான்றுகள். முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. ஏரி நிர்வாகம் ஊர்ச்சபையின் முறையான பொறுப்பாக இருந்தமை இதனால் புலனாகும்.

ஏரி, நீரோடு வரும் வண்டலைத் தன்னுள் நிறுத்திக்கொள்ளும். கரை உறுதியாக இருந்தால் கனமழையிலும் கழிமுகத்தில் மெல்லிய அடுக்கே படியக்கூடும். கரை உடைந்தாலோ, நடுத்தர மழையும் கரைமண்ணையும் ஏரிச் சேற்றையும் அள்ளிவந்து தடித்த அடுக்கைத் தோற்றுவிக்கும். எனவே அடுக்கின் தடிமனை மழையின் அளவாகக் கொள்வது பிழையாகும். தனித்தனி ஏரித்தொடர்களின் கீழ்ப்பகுதிகளில் ஒரே காலத்து அடுக்குகள் காணப்பட்டால் பரவலான பெருமழையைக் கருதலாம். ஒரு தொடரில் மட்டும் காணப்பட்டால் உடைப்பையே முதலில் ஐயுற வேண்டும்.

கடலும் காலமும்

கழிமுகத்து மணலடுக்கு கடலிலிருந்தும் வந்திருக்கலாம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் சாளுவன்குப்பத்தில் இந்தியத் தொல்லியல் துறை வெளிப்படுத்திய முருகன் கோயிலின் அழிவுக்குப் பண்டைய ஆழிப்பேரலைகள் காரணம் எனக் கருத்து முன்வைக்கப்பட்டது இங்கு நினைவுகூரத்தக்கது. கடல்வாழ் நுண்ணுயிர் ஓடுகளும் சிப்பித் துண்டுகளும் கடற்பெருக்கைச் சுட்டும். நன்னீர்ப் பாசி ஓடுகள் ஏரி, ஆற்று நீரைச் சுட்டும்.

ஒளிர்வுக் காலக்கணிப்பு மணல்துகள் கடைசியாக வெயில் கண்ட காலத்தை அளக்கிறது. கலங்கிய வெள்ளத்தில் துகள்கள் போதிய ஒளி பெறாவிடில் படிவு உண்மையைவிடப் பழையதாகத் தோன்றும். ஆயிரம் ஆண்டுப் படிவில் ஐம்பது முதல் நூறு ஆண்டு வரை பிழை எல்லை இருப்பது இயல்பு. எனவே கல்வெட்டு தரும் ஆட்சியாண்டையும் ஒரு மண்ணடுக்கையும் ஒன்றோடொன்று நேரடியாகப் பொருத்துதல் தகாது.

முடிவுரை

கழிமுகப் படிவுகளை மழைவரலாறாக மட்டும் படித்தால், ஏரிகளின் சிதைவால் நேர்ந்த அழிவுகளை இயற்கையின் கணக்கில் எழுதிவிடுவோம். இன்றைய வடிகால் திட்டங்களுக்கும் இவ்வேறுபாடு அடிப்படையானது. பெருமழைக்குத் தீர்வு வேறு, உடையும் கரைக்குத் தீர்வு வேறு. உப்பளப் பணிகளும் கால்வாய்த் தூர்வாரலும் மேலடுக்குகளைக் கலைத்துள்ளன, கட்டுமானங்களும் பெருகிவருகின்றன. கலையாத அடுக்குகள் எஞ்சியிருக்கும்போதே மண்ணியலாரும் கல்வெட்டாய்வாளரும் இணைந்து துளைமாதிரிகளைச் சேகரிப்பது இப்பகுதி வரலாற்றாய்வின் உடனடித் தேவையாகும்.