பழைய உரோமரின் ஆண்டிறுதிக் கடன்கள்

டிசெம்பர் என்னும் மாதப்பெயர் இலத்தீன் மொழியிற் பத்து என்னும் எண்ணின் அடியாகப் பிறந்தது. பன்னிரண்டாம் மாதம் பத்தாம் மாதமெனப் பெயர்பெற்று வழங்குதல் முரணாகத் தோன்றும். செப்டெம்பர், ஒக்டோபர், நொவெம்பர் ஆகிய மூன்றும் இம்முரணிற் பங்குகொள்வனவே. உரோமரின் பழைய ஆண்டு, உழவும் போரும் ஒருங்கே தொடங்கும் மார்ச் மாதத்திலே தொடங்கிற்று என்னும் உண்மை இப்பெயர்களில் உறைந்து கிடக்கின்றது. அவ்வாண்டின் கடைமாதம் பெப்ரவரி. அப்பெயருக்கு மூலமாகிய 'பெப்ருவா' என்னுஞ் சொல் தூய்மை செய்தற்குப் பயன்படும் பொருள்களைக் குறித்தது. ஆட்டுமயிர், வறுத்த தானியமும் உப்பும், தூயதெனக் கருதப்பட்ட மரத்திலிருந்து வெட்டிய கிளை என்பன அப்பொருள்களுட் சிலவாம் எனப் புலவர் ஒவிட் தமது 'பாஸ்தி' என்னும் நூலிற் கூறுகின்றார். ஆண்டு முடியுமுன் வீட்டையும் ஊரையும் துடைத்துத் தூய்மை செய்யும் மாதமாகவே உரோமர் அதனைக் கருதினர்.

உரோமர் வரலாறு என்றதும் படையெடுப்பும் சட்டமும் பேரரசுமே நினைவுக்கு வருவது இயல்பு. ஆயின், அம்மக்கள் தம் ஆண்டினை முடித்துவைத்த முறையை நோக்கின் அங்கே காணப்படுவன மிகச் சிறிய செயல்கள். உடைந்த மட்பாண்டத் துண்டொன்றில் வைத்த ஒரு பிடி தானியம், உறவினர் கூடியுண்ணும் ஓர் உணவு, வயலோரத்துக் கல்லுக்கு இடும் ஒரு மாலை என்ற அளவிலேயே அவை அமைந்தன. இறந்தோர், உறவினர், அயலார் என்னும் மூன்று திறத்தார்க்கும் செலுத்தவேண்டிய கடன்களை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லாது தீர்த்துவிடுதலே இவற்றின் நோக்கம் எனலாம்.

இவற்றுள் முதலாவது 'பரெந்தாலியா' எனப்பட்டது. பெப்ரவரி 13 முதல் 21 வரை ஒன்பது நாள்கள் அது நீடித்தது. அந்நாள்களிற் கோயில்கள் அடைக்கப்பட்டன, திருமணங்கள் நிகழவில்லை. நகர்க்கு வெளியே பெருவீதிகளின் இருமருங்கும் அமைந்திருந்த கல்லறைகளுக்குக் குடும்பத்தார் சென்றனர். அவர்கள் கொண்டுசென்ற பொருள்களை ஒவிட் குறிப்பிடுகின்றார்: மாலை சூட்டிய ஓடு, தூவிய தானியம், சிறிது உப்பு, திராட்சை மதுவில் ஊறிய அப்பம், உதிரியான ஊதாப் பூக்கள் ஆகியனவே அவை. இறந்தோர் வேண்டுவது சிறிதே என்பதும், பெருஞ்செல்வத்தினும் அன்பே அவர்க்கு உவப்பானது என்பதும் அப்புலவர் கருத்து. முன்னொரு காலத்தில் இடைவிடாப் போர்களின் மிகுதியால் மக்கள் இக்கடனை மறந்தனர் என்றும், அதன்பின் உரோமாபுரி ஈமத்தீயால் வெந்தது என்றும், மூதாதையர் கல்லறை நீங்கித் தெருக்களிலே புலம்பித் திரிந்தனர் என்றும் ஒரு கதையையும் அவர் கூறுகின்றார். அதனைத் தாமே முழுதும் நம்பாதவர் போலவே கூறுகின்றார் என்பதும் கருதத்தக்கது. கதை எவ்வாறாயினும், போர் மறக்கச்செய்வது எது என்பதை அதனைக் கட்டியவர்கள் நன்கறிந்திருந்தனர்.

பெப்ரவரி 22 ஆம் நாள் 'கரிஸ்தியா'. இறந்தோரைக் கண்டு திரும்பியவர்கள் எஞ்சியிருக்கும் உறவினரை எண்ணிப் பார்க்கும் நாள் அது. இரத்த உறவினரும் திருமண உறவினருமன்றிப் பிறர் அவ்விருந்திற் கலந்துகொள்ளவில்லை என வலேரியஸ் மக்சிமஸ் எழுதியுள்ளார். உறவினரிடையே பூசல் ஏதும் இருப்பின் அப்புனித உணவின்போது நல்லுள்ளம் படைத்தோர் முன்னின்று அதனைத் தீர்த்துவைத்தற் பொருட்டே இவ்விருந்து ஏற்படுத்தப்பட்டது என்பது அவர் தரும் விளக்கம். அயலார் கண்முன் வீட்டுப் பூசலைப் பேசக் கூசும் இயல்பை இவ்வேற்பாடு நன்கு கணக்கிற் கொண்டிருந்தது. எவரெவர் அங்கு வரலாகாது என்று ஒவிட் தரும் பட்டியலும் சுவையானது. உடன்பிறந்தானுக்குத் தீங்கு செய்தவன், பிள்ளைகளிடம் கொடுமை காட்டும் தாய், தந்தை இன்னும் எத்தனை ஆண்டு உயிரோடிருப்பான் என்று எண்ணிக்கொண்டிருக்கும் மகன், மருமகளை வருத்தும் மாமி ஆகியோர் அப்பட்டியலில் இடம்பெறுவர். இத்தகையோர் அனைவரையும் விலக்கிய பின்னர் விருந்துக்கு எத்தனைபேர் எஞ்சியிருப்பர் என்பதை அவர் கூறவில்லை.

அடுத்த நாளாகிய பெப்ரவரி 23 'தெர்மினாலியா' ஆகும். எல்லைக் கல்லே அன்று வழிபடப்பட்டது. 'தெர்மினுஸ்' என்பது எல்லைக்கும் எல்லைத் தெய்வத்துக்கும் பொதுவான பெயர். ஆண்டின் கடைநாளாக வகுக்கப்பட்டமையாலேயே இந்நாள் இப்பெயர் பெற்றது என்பர் மொழிநூல் வல்லாரான வாரோ. நிலத்தின் முடிவும் ஆண்டின் முடிவும் ஒரு சொல்லிலே சந்தித்தன என்க. பெப்ரவரியில் இதற்குப் பின்னும் ஐந்து நாள்கள் இருந்தன. எனினும், ஆண்டுக் கணக்கைப் பருவங்களோடு இசைவிக்கும் பொருட்டு மிகுமாதம் ஒன்றைச் சேர்க்கவேண்டி வந்தபோது, உரோமர் அதனைப் பெப்ரவரியின் முடிவிற் சேர்க்காது இந்நாளையடுத்தே சேர்ப்பது வழக்கம். சமயக் கணக்கில் ஆண்டு இங்கேயே முடிந்தது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

எல்லைக் கல்லின் இருபுறத்து உழவரும் தத்தம் பக்கத்திலிருந்து வந்து அதற்கு மாலை சூட்டினர். மாலை இரண்டு; பண்ணியம் இரண்டு. தற்காலிகமாக ஒரு பலிமேடை கட்டப்பட்டது. உழவன் மனைவி தன் அடுப்பின் நெருப்பை ஓட்டிலே ஏந்தி வந்தாள். முதியவர் விறகு பிளந்து அடுக்கினார். சிறுவன் கூடையிலிருந்து தானியத்தை மும்முறை தீயில் இட்டான். சிறுமி தேனடைத் துண்டுகளைக் கொடுத்தாள். வெள்ளாடை அணிந்தோர் பேசாது நின்றனர். ஆட்டுக்குட்டியின் அல்லது பாற்பன்றிக் குட்டியின் குருதி கல்லின்மேல் தெளிக்கப்பட்டது; பின்னர் அயலார் இருவரும் கூடியிருந்து உண்டனர். ஆதியிற் குருதிப்பலி இருந்ததில்லை என்றும், அமைதிக்கும் நீதிக்கும் காவலாகிய தெய்வத்தைக் கொலையால் மாசுபடுத்தலாகாதென அரசன் நூமா கருதினான் என்றும் புளூட்டாக் கூறுவர்.

இச்சடங்கு வெறும் பத்திமையன்று. பன்னிரண்டு பலகைச் சட்டத்தின்படி இரு நிலங்களுக்கும் இடையே ஐந்தடி அகலமான நிலம் விடப்பட்டது. அதனை எத்துணைக் காலம் ஆண்டாலும் ஒருவர் உரிமையாக்கிக்கொள்ளல் இயலாது. எல்லைக் கல்லை நாட்டுங்கால் குழியிற் பலிப்பொருள், சாம்பிராணி, தேன், தானியம் ஆகியவற்றை எரித்து, தணல் தணியுமுன் அதன்மேற் கல்லை நிறுத்தினர் என நிலவளவையாளர் சிக்குலுஸ் பிளாக்குஸ் எழுதினார். பிற்காலத்திற் பிணக்கு எழும்போது கல்லின் அடியை அகழ்ந்து கரி உண்டா எனப் பார்த்து அது மெய்யான எல்லைக் கல்லே எனத் துணிந்தனர். கல்லைப் பெயர்த்து நடலாம்; கரியைப் பெயர்த்தல் அரிது. ஆண்டுதோறும் இருதரப்பாரும் அவர்தம் பிள்ளைகளும் ஒரே கல்லின் முன் நின்றமை, அக்கல் நிற்கும் இடத்தை இரு குடும்பத்தாரும் கூடி ஒப்புக்கொண்டமையாயிற்று. வேலி வழக்குகளின் வரலாறு அறிந்தோர்க்கு இதன் அருமை விளங்கும்.

இனி, இவ்வாண்டிறுதி எவ்வாறு இடம்பெயர்ந்தது என்பதை நோக்கலாம். ஜனவரி எக்காலந் தொட்டு முதன்மாதமாகக் கொள்ளப்பட்டது என்பதில் அறிஞரிடையே கருத்தொருமை இல்லை. எனினும், ஆட்சித்தலைவராகிய கொன்சல்கள் இருவரும் பதவியேற்கும் நாள் மார்ச் 15 இலிருந்து ஜனவரி 1 க்கு மாற்றப்பட்டது கி.மு. 153 ஆம் ஆண்டிலாகும். அதற்குக் காரணம் போர். ஹிஸ்பானியாவிலே செகெடா என்னும் ஊரை முன்னிட்டு மூண்ட கலகத்தை அடக்கப் புதிய கொன்சல் விரைந்து புறப்படவேண்டியிருந்தது. உரோமர் ஆண்டுகளைக் கொன்சல்களின் பெயராலேயே குறித்தமையின், அரசின் ஆண்டு அன்றுமுதல் ஜனவரியிலே தொடங்கி டிசெம்பரிலே முடிவதாயிற்று. ஆண்டின் முடிவு டிசெம்பருக்குச் சென்றது. ஆண்டிறுதிக் கடன்களோ பெப்ரவரியிலேயே நின்றுவிட்டன. புத்தாண்டு பிறந்து இரு திங்கள் ஆகும் தறுவாயில் மக்கள் பழைய ஆண்டின் கணக்கைத் தீர்த்துக்கொண்டிருந்தனர்.

இதிலுள்ள பொருந்தாமையை உணர்ந்து ஒழுகியவராக ஒருவரின் பெயர் மட்டும் கிடைக்கின்றது. அவர் டெசிமஸ் யூனியஸ் புரூட்டஸ், கி.மு. 138 இற் கொன்சலாயிருந்தவர். சீசரைக் கொன்ற புரூட்டஸ் இவரல்லர். அக்கொலைக்கு இவர் பல ஆண்டுகள் முற்பட்டவர். உரோமர் யாவரும் பெப்ரவரியில் இறந்தோர்க்குக் கடன் செலுத்த, இவர் டிசெம்பரிற் செலுத்தி வந்தார். வரலாற்றாசிரியர் சிசென்னா இதனைக் குறித்துவைத்தார். காரணம் அவருக்கு விளங்கவில்லை. சிசரோ தமது 'சட்டங்கள்' என்னும் நூலில் இதனை எடுத்து ஆராய்கின்றார். கற்றவரும் புலவர் அக்கியுஸின் நண்பருமாகிய புரூட்டஸ் முன்னோர் வழக்கை எண்ணாது கைவிட்டிருப்பார் என்பது நம்பத்தக்கதன்று; முன்னோர் பெப்ரவரியைக் கடைமாதமாகக் கொண்டது போல இவர் டிசெம்பரைக் கொண்டார் என்பதே அவர் முடிபு. வழக்கின் நாளை மீறியவர் வழக்கின் கருத்தைக் காத்தார் என்பது இதன் பொருள்.

ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளின் பின் புளூட்டாக்கும் உரோமர் வழக்கங்களைப் பற்றிய தம் வினாக்களுள் இதனை ஒன்றாக்கினார். நாளின் முடிவிலும் மாதத்தின் முடிவிலும் இறந்தோரை நினைப்பவர் ஆண்டின் முடிவிலும் நினைத்தல் முறையே என்பது அவர் தரும் விடைகளுள் ஒன்று. இப்புரூட்டஸ் யார் என்பதையும் அவர் நினைவூட்டுகின்றார். ஐபீரியத் தீபகற்பத்தின் மேற்கே படை நடத்தி, 'மறதியாறு' எனப் பெயர்பெற்ற ஆற்றை முதன்முதற் கடந்தவர் அவர். இன்றைய போர்த்துக்கலில் லீமா எனப்படுவது அவ்வாறே. அதனைக் கடப்பின் யாவும் மறந்துபோகும் என்னும் அச்சத்தாற் படையினர் இறங்க மறுத்தனர் என்றும், புரூட்டஸ் கொடியைப் பறித்துத் தாமே ஏந்திக் கடந்து காட்டினார் என்றும் லிவியின் நூற்சுருக்கம் கூறும். போரின் பொருட்டு ஆண்டின் தொடக்கம் மாற்றப்பட்ட அதே தீபகற்பத்திற் போர்செய்து மீண்டவர், மாறிய ஆண்டின் முடிவிலும் தம் இறந்தோரை மறவாதிருந்தார்.

அவரைப் பின்பற்றியோர் இருந்ததாகச் செய்தி இல்லை. மக்கள் நாளையே பற்றி நின்றனர். யூலியஸ் சீசர் 445 நாள்கள் கொண்ட நீண்ட ஆண்டாகக் கி.மு. 46 ஐ முடித்துப் பஞ்சாங்கத்தைத் திருத்தியபோதும், நான்காண்டுக்கொருமுறை மிகும் நாளைப் பெப்ரவரி 24 ஐ இரட்டித்தே சேர்த்தார். மிகுநாள் இன்றும் டிசெம்பரில் அன்றிப் பெப்ரவரியில் வருதல் அப்பழைய ஆண்டிறுதியின் எச்சமே.

தெர்மினாலியாவை அரசு ஒருமுறை தன் தேவைக்கு எடுத்தாண்டது. கி.பி. 303 பெப்ரவரி 23 இலே பேரரசன் தியோகிளேசியன் நிக்கோமீதியா நகரத்துக் கிறித்தவக் கோயிலை இடிப்பித்தான். அச்சமயத்துக்கு முடிவுகட்டுதற் பொருத்தமான நாளென்று இந்நாள் தேர்ந்தெடுக்கப்பட்டது என லக்தான்சியஸ் எழுதினார். அயலார் இருவர் ஒரு கல்லின் முன் கூடியுண்ட நாள் அன்று குடிகளைப் பிரிக்கும் நாளாயிற்று.

பேரரசு மேற்கே வீழ்ந்து, தெர்மினுஸின் பெயரும் மறக்கப்பட்ட பின்னர், கி.பி. 567 இற் பிராங்கியரின் நாட்டிலே தூர் நகரில் ஆயர்கள் கூடினர். கரிஸ்தியா நாளாகிய பெப்ரவரி 22 அப்போது புனித பேதுருவின் திருநாளாகியிருந்தது. ஆயர்கள் இயற்றிய விதியொன்று இருவகையாரைக் கண்டித்தது. ஜனவரி முதல் நாளைப் பழைய முறைப்படி கொண்டாடுவோர் ஒரு வகையினர். பேதுருவின் திருநாளிற் பூசை கண்டு வீடு திரும்பி, இறந்தோர்க்கு உணவு படைப்போர் மற்றொரு வகையினர். புதிய ஆண்டின் தொடக்கமும் பழைய ஆண்டின் முடிவும் ஒரே விதியில் அடுத்தடுத்து இடம்பெற்றன. பெப்ரவரி ஒருகாலத்தில் ஆண்டின் கடைமாதமாயிருந்தது என்பதை உணவு படைத்தவரும் அறியார், தடுத்தவரும் குறிப்பிட்டாரல்லர்.