அப்பா, அம்பாசடர், ஒரு நூல்கண்டு

ஆம்பூர்னு சொன்னாலே பிரியாணின்னுதான் எல்லாரும் ஆரம்பிப்பீங்க. இன்னிக்கு டயர். கொஞ்சம் பொறுத்துக்கோங்க மக்களே.

வீட்டுல 1992 மாடல் அம்பாசடர் ஒண்ணு இருக்கு. போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப பார்த்தா, முன் டயர் ரெண்டும் உள்பக்கம் மட்டும் மொட்டை. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகலை. நான் உடனே ஒரு அலைன்மெண்ட் கடைக்கு ஓட்டிட்டுப் போய், 'எல்லாம் பச்சை'ன்னு கம்ப்யூட்டர் பிரிண்ட் அவுட்டோட பெருமையா திரும்பினேன். முப்பது வருஷம் ஷூ கம்பெனியில வேலை பார்த்த அப்பா பேப்பரைப் பாக்கவே இல்லை.

"ஹீல் எந்தப் பக்கம் தேஞ்சிருக்குன்னு பாத்தா ஆளு எப்படி நடக்குறான்னு தெரியும்டா. பேப்பர் இன்னாத்துக்கு?"

இந்தத் தலைவலி எப்ப ஆரம்பிச்சதுன்னு தோண்டிப் பார்த்தேன். மாட்டு வண்டிக்கு இது கிடையாது. ஒரே அச்சு, மாடு திரும்பினா வண்டி திரும்பும். நாலு சக்கர குதிரை வண்டியில முன் அச்சு மொத்தமா நடு ஆணியில சுத்தும். மியூனிக்ல வண்டி செஞ்சுக்கிட்டிருந்த கியோர்க் லாங்கென்ஸ்பெர்கர்தான் 1816-ல், அச்சை அசையாம வச்சுட்டு ரெண்டு சக்கரமும் தனித்தனியா திரும்புற மாதிரி செஞ்சார். 1818-ல் லண்டன்ல அதுக்குக் காப்புரிமை வாங்கினது அவரோட ஏஜெண்ட், புத்தக வியாபாரி ருடால்ஃப் ஆக்கர்மான். பேரும் அவருக்கே போயிடுச்சு. கோட் எழுதினது ஒருத்தர், ரிலீஸ் மெயில்ல பேர் இன்னொருத்தர். நம்ம பொழப்புதான்!

சக்கரம் தனித்தனியா திரும்ப ஆரம்பிச்ச உடனே, ரெண்டும் ஒரே திசையைப் பாக்குதாங்கிற கேள்வியும் கூடவே வந்துடுச்சு. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை வச்சு செஞ்ச அம்பாசடர், உத்தர்பாராவுல 1950-களின் கடைசியில ஆரம்பிச்சு 2014 வரைக்கும் வந்தது. அந்தக் காலத்துல மெக்கானிக்குங்க இந்தக் கேள்விக்கு நூலும் டேப்பும் வச்சே பதில் கண்டுபிடிச்சாங்க.

அப்பா செஞ்சதும் அதுதான். சமதளத்துல வண்டி, டயர்ல சரியான காத்து, ஸ்டியரிங் நேரா. முதல்ல ஜாக்கி போட்டு சக்கரத்தை ரெண்டு பக்கமும் பிடிச்சு ஆட்டினார். லொடலொட. டை ராட் எண்ட் தேஞ்சு போயிருந்தது! நிக்கும்போது அளவு சரியாத்தான் இருக்கும். பின் சக்கரம் தள்ளுற வண்டியில, ஓடும்போது ரோடு முன் சக்கரங்களை வெளிப்பக்கமா விரிக்கும். உள்பக்கம் தேயும். பிரிண்ட் அவுட் பொய் சொல்லலை, நிக்கிற வண்டியைப் பத்தி உண்மையைச் சொல்லிச்சு.

புது எண்ட் மாட்டினதும், சக்கரத்தைச் சுத்திவிட்டு டயர் நடுவுல சாக்பீஸ் கோடு. கோட்டுக்குக் கோடு முன்னாடி ஒரு அளவு. வண்டியை அரைச் சுத்து உருட்டி, அதே குறி பின்னாடி வந்ததும் இன்னொரு அளவு. முன்னளவு கொஞ்சம் கம்மியா இருந்தா 'டோ இன்'. லாக் நட்டைத் தளர்த்தி ரெண்டு டை ராடையும் சமமா திருப்பணும். இல்லன்னா ஸ்டியரிங் கோணலா நிக்கும். எல்லாம் முடிஞ்சு பின் டயர்லேர்ந்து நூல் இழுத்து ஒரு சரிபார்ப்பு.

ராத்திரி கணக்குப் போட்டேன். 15 இன்ச் ரிம்ல மொத்தம் 3 மில்லிமீட்டர் பிசகினா, ஒவ்வொரு டயரும் கிலோமீட்டருக்கு கிட்டத்தட்ட 4 மீட்டர் பக்கவாட்டுல தேயுது. வேலூர் போக சுமார் 50 கிலோமீட்டர். 200 மீட்டர் இழுத்துக்கிட்டே போறோம்!

1983 டிசம்பர்ல மாருதி 800 வந்தப்புறம் கதை மாறிச்சு. முன் சக்கரமே வண்டியை இழுக்குது, அதனால அளவும் வேற. உங்க கார் மேனுவல்ல இருக்குறதைத்தான் எடுத்துக்கணும், அப்பாவோட அளவை இல்லை.

அந்த பிரிண்ட் அவுட்டை என்ன பண்ணினேன்னு கேக்குறீங்களா? அதோட பின்பக்கம்தான் அப்பா அளவு எழுதினார்.