துலாங் மாவாஸ்

பேராக், பகாங், சிலாங்கூர் மாநிலங்களில் ஈயம் தோண்டியவரும் நிலம் திருத்தியவரும் மண்ணுள்ளிருந்து துருவேறிய விந்தையான இரும்புப் பொருள்களைக் கண்டெடுத்ததுண்டு. நீண்டு, ஒரு முனையில் துளையுடன் விளங்கிய அவற்றை மலாய் மக்கள் ‘துலாங் மாவாஸ்’ என்றனர். துலாங் என்பது எலும்பு. மாவாஸ் என்பதோ முன்கையே இரும்பு வாளாக அமைந்த காட்டுக் குரங்கு!

இதனை அறியாமை என்று தள்ளுதல் தகாது. மலாய்க் கொல்லர் அடிக்கும் பாராங்கில் இரும்பின் வால் மரப்பிடிக்குள் செருகப்படும். இங்கோ மரப்பிடி இரும்பினுள் நுழையவேண்டும். பழக்கமற்ற அமைப்பைக் கண்டோர் அதனைக் கருவியென்று எண்ணாததில் வியப்பென்ன? (கோடரித் துளையில் காம்பு நுழைத்துப் பழகிய நம்மவர் கண்ணுக்கு அது வேறாகத் தோன்றியிருக்கலாம்.)

ஐவர் எவான்ஸ் என்னும் அறிஞர் 1920-களில் பேராக்கின் பெர்னாம் பகுதியில் கற்பலகைக் கல்லறைகளை ஆராய்ந்தார். அவ்வகைக் கல்லறைகளில் சூதுபவள மணிகளோடு இத்தகைய இரும்புப் பொருள்களும் கிடைத்தன. எலும்புக் கதை அத்துடன் தீர்ந்தது. இரும்புக்கால மனிதரின் கருவிகளே அவை. கோடரி, கத்தி, அரிவாள் என்று உருவம் நோக்கி ஆய்வாளர் பெயரிட்டனர். ஆனால் மரப்பிடி ஈரமண்ணில் மட்கிவிட்டது. பிடியின் நீளம் தெரியாதபோது, அவை வெட்டியது காட்டையா, கதிரையா, பகைவரையா என்று துணிவதற்கில்லை.