சார்மாண்டர்: ரெட், புளூ ஆட்டங்களில் தொடக்கத் துணையாக அதன் தரநிலை

சார்மாண்டர், போக்கிமான் ரெட், புளூ ஆட்டங்களின் தொடக்கத்தில் பேராசிரியர் ஓக் ஆட்டக்காரர் முன் வைக்கும் மூன்று போக்கிமான்களுள் ஒன்று. இது நெருப்பு வகை. மற்ற இரண்டு, புல்லும் நஞ்சும் கலந்த வகையான புல்பசோர், நீர் வகையான ஸ்குவர்ட்டில். கேம் ஃப்ரீக் நிறுவனம் கேம்பாய் கருவிக்காக உருவாக்கிய இத்தொடரின் முதல் ஆட்டங்கள் ரெட், கிரீன் என்ற பெயர்களில் 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் வெளியாயின. ரெட், புளூ என்ற பெயர்களில் 1998 செப்டம்பரில் வட அமெரிக்காவுக்கு வந்தன. சார்மாண்டர் 16ஆம் லெவலில் சார்மீலியனாகவும், 36ஆம் லெவலில் சாரிசார்டாகவும் மாறும்.

போக்கிமான்களைத் தரவரிசைப்படுத்துவதில் இரண்டு முறைகள் உண்டு. ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் மோதும்போது ஒரு போக்கிமான் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்பது ஒன்று. அங்கே எல்லாமே முழு வளர்ச்சியடைந்து, 100ஆம் லெவலில் நிற்கும். கதையைத் தொடங்கி முடிக்கும் வரை அது எவ்வளவு உதவுகிறது என்று பார்ப்பது மற்றொன்று. இந்த இரண்டாவது கணக்கில் வலிமையைவிட அந்த வலிமை எப்போது கைக்கு வருகிறது என்பதே பெரிது. 46ஆம் லெவலில் கிடைக்கும் சிறந்த தாக்குதல், எட்டு ஜிம்களில் ஆறை முடித்துவிட்டவருக்குப் பெரிதாக உதவாது. அதே வேலையை வழியில் பிடிக்கக்கூடிய வேறொரு போக்கிமான் செய்துவிடுமா என்பதும் கணக்கில் சேரும். இங்கே பேசப்படுவது இந்த இரண்டாவது தரம்தான்.

சார்மாண்டரைத் தேர்ந்தெடுப்பது கடினமான பாதை என்ற பேச்சு ஆட்டக்காரர்களிடையே வெகுகாலமாக உண்டு. முதல் ஜிம்மின் தலைவர் பிராக் பாறை வகைப் போக்கிமான்களை வைத்திருப்பதே அதற்குக் காரணமாகச் சொல்லப்படும். பியூட்டர் நகரில் அவர் களமிறக்குவது 12ஆம் லெவல் ஜியோடூடும் 14ஆம் லெவல் ஆனிக்ஸும். பாறைக்கு எதிராக நெருப்பின் அடி பாதியாகும் என்பது உண்மைதான். ஆனால் ஆனிக்ஸின் எண்களைப் பார்த்தால் படம் மாறுகிறது. அதன் அடிப்படைத் தற்காப்பு 160, அடிப்படை ஸ்பெஷல் வெறும் 30. முதல் தலைமுறை ஆட்டங்களில் நெருப்புத் தாக்குதலைத் தாங்குவது ஸ்பெஷல்தான். 13ஆம் லெவல் சார்மாண்டர் ஸ்க்ராட்ச் தாக்குதலால் கீறினால் ஆனிக்ஸுக்கு இரண்டு புள்ளி அளவே குறையும். 9ஆம் லெவலில் கற்கும் நெருப்புத் தாக்குதலான எம்பரோ பாதியாகக் குறைந்த பிறகும் ஐந்தாறு புள்ளி எடுக்கும். ஆனிக்ஸின் மொத்த உயிர்ப்புள்ளி 36ஐ ஒட்டியது என்பதால் ஆறேழு எம்பரில் அது விழுந்துவிடும். ரெட், புளூவில் பிராக்கின் இரண்டு போக்கிமான்களுக்கும் பாறை வகைத் தாக்குதல் ஒன்றுகூடக் கிடையாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. டேக்கிளும், வாங்கிய அடியை இரட்டிப்பாகத் திருப்பித் தரும் பைடும்தான் அவற்றின் ஆயுதங்கள். அதே லெவல் புல்பசோரின் வைன் விப் ஆனிக்ஸை ஒரே அடியில் வீழ்த்தும். ஸ்குவர்ட்டிலின் பபுளுக்கு இரண்டு அடி போதும். அவற்றோடு ஒப்பிட்டால் சார்மாண்டர் மெதுவானது, அவ்வளவுதான். பொறுமை இல்லாதவர் விரிடியன் காட்டில் ஒரு கேட்டர்பியைப் பிடித்து வளர்த்தால் போதும். அது வளர்ந்து மாறும் பட்டர்ஃப்ரீ 12ஆம் லெவலில் கற்கும் கன்ஃப்யூஷன் அந்த ஜிம்மை எளிதாக்கிவிடும்.

இரண்டாவது ஜிம்தான் உண்மையான முட்டுக்கட்டை. செருலியன் நகரில் மிஸ்டியின் 21ஆம் லெவல் ஸ்டார்மி பபுள்பீம் என்ற நீர்த் தாக்குதலோடு காத்திருக்கும். வேகத்தில் சார்மீலியனை அது எளிதில் முந்தும். இங்கே சார்மீலியனை ஒதுக்கி வைப்பதே புத்திசாலித்தனம். நகருக்கு வடக்கே, நீரை எதிர்க்கும் புல் வகையில், ரெட் ஆட்டத்தில் ஆடிஷும், புளூவில் பெல்ஸ்ப்ரௌட்டும் கிடைப்பதால் மாற்று ஏற்பாட்டுக்குக் குறைவில்லை.

செருலியனில் திருட்டு நடந்த வீட்டின் பின்புறம் நிற்கும் ராக்கெட் கும்பல்காரனை வென்றால், தாக்குதலைக் கற்றுத்தரும் டி.எம். 28 கிடைக்கும். அதிலுள்ள டிக் நில வகைத் தாக்குதல். இந்தத் தலைமுறையில் அதன் வலிமை 100. முதல் முறை மண்ணுக்குள் மறைந்து, அடுத்த முறை வெளிவந்து அடிக்கும். சார்மாண்டர் குடும்பம் முழுவதும் இதைக் கற்கும். வெர்மிலியன் நகரில் ஜிம் தலைவர் லெப்டினன்ட் சர்ஜின் மின்சாரப் போக்கிமான்கள் இதற்கு முன் நிற்க முடியாது. பின்னர் வரும் ஜிம் தலைவர்களில் கோகாவின் நஞ்சு வகைகளுக்கும் பிளெய்னின் நெருப்பு வகைகளுக்கும் இதே தாக்குதல் பலிக்கும். காஃபிங், வீசிங் போன்ற மிதக்கும் போக்கிமான்களுக்கு நில அடி படாது என்ற விதி பிற்காலத்தில் வந்தது. இன்னொரு ஜிம் தலைவர் எரிக்காவின் செடிகளுக்கு எம்பரே போதும்.

நடுப்பகுதியில் சார்மீலியனின் இன்னொரு பலம் ஸ்லாஷ். அதன் வலிமை 70 மட்டுமே. ஆனால் முதல் தலைமுறையில் கிரிட்டிக்கல் அடி விழும் வாய்ப்பு அந்த இனத்தின் அடிப்படை வேகத்தைப் பொறுத்தது. ஸ்லாஷ் போன்ற தாக்குதல்களுக்கு அந்த வாய்ப்பு எட்டு மடங்கு. சார்மீலியனின் அடிப்படை வேகம் 80, சாரிசார்டுடையது 100. இரண்டுமே உச்சவரம்பைத் தொட்டுவிடுவதால் 256இல் 255 முறை கிரிட்டிக்கல் அடி விழும். கிட்டத்தட்ட இரட்டிப்பு அடி ஒவ்வொரு முறையும் கிடைக்கிறது என்று பொருள். சார்மீலியன் 33ஆம் லெவலில் இதைக் கற்கிறது. ஜிம் தலைவர் சப்ரினாவின் மனோசக்திப் போக்கிமான்களுக்குத் தற்காப்பு குறைவு; ஸ்லாஷுக்கு அவை நல்ல இரை.

சார்மாண்டரின் தரத்தைக் கீழே இழுக்கும் குறை அதன் நெருப்பிலேயே இருக்கிறது. எம்பருக்கு அடுத்த உருப்படியான நெருப்புத் தாக்குதல் ஃபிளேம்த்ரோவர். சாரிசார்ட் அதை 46ஆம் லெவலில்தான் கற்கும். பி பொத்தானை அழுத்தி அழுத்திப் பரிணாமத்தைத் தடுத்து, சார்மாண்டராகவே வைத்திருந்தால் 38ஆம் லெவலில் கிடைக்கும். ஆனால் அதுவரை அரைகுறை வலிமையோடு போராட வேண்டும். நெருப்பு வகையின் சார்பில் அணியில் இருக்கும் போக்கிமான், ஆட்டத்தின் பெரும்பகுதியை வலிமை 40 கொண்ட எம்பரோடும் நகங்களோடும் ஓட்ட வேண்டியிருக்கிறது. ஸ்குவர்ட்டிலுக்கு மிஸ்டியை வென்றதுமே பபுள்பீம் கிடைக்கும், பின்னர் சஃபாரி வளாகத்தில் சர்ஃப். புல்பசோரின் அடுத்த வடிவமான ஐவிசோர் 30ஆம் லெவலில் ரேசர் லீஃப் கற்கும். அதுவும் ஸ்லாஷ் போலவே ஏறக்குறைய எப்போதும் கிரிட்டிக்கல்.

கடைசிக் கட்டத்தில், ஜிம்களுக்குப் பின் வரும் நான்கு இறுதிப் போட்டியாளர்களிடம், நெருப்புக்கு வேலை மேலும் குறைகிறது. லொரெலேயின் ஐந்து போக்கிமான்களில் ஜின்க்ஸ் மட்டுமே அதற்கு இரை. நெருப்பு வகை பனியைத் தாங்கும் என்ற விதி அப்போது இல்லாததால், பறக்கும் வகையும் சேர்ந்த சாரிசார்டுக்குப் பனி அடி இரட்டிப்பாக விழும். புரூனோவின் இரண்டு ஆனிக்ஸுகளும், லான்ஸின் டிராகன்கள், கியாரடாஸ், ஏரோடாக்டில் அனைத்தும் நெருப்பைப் பாதியாகவே வாங்கும். அகாதாவின் நஞ்சு வகைகளிடம் நில வகைத் தாக்குதல் கைகொடுக்கிறது. சில்ஃப் நிறுவனக் கட்டடத்தில் கிடைக்கும் எர்த்குவேக்கை சாரிசார்ட் கற்கும் என்பது பெரிய ஆறுதல். இதே பயணத்தில் ஸ்குவர்ட்டிலின் இறுதி வடிவமான பிளாஸ்டாய்ஸ், சர்ஃபையும் ஐஸ் பீமையும் வைத்துக்கொண்டே லான்ஸ் வரை போய்விடும்.

ஆகவே கதையை முடிக்கும் பயன் என்ற அளவுகோலில் ஸ்குவர்ட்டிலுக்கே முதலிடம். புல்பசோர் முதல் பாதியில் முந்தி, கோகா, சப்ரினா, பிளெய்ன் மூவரிடமும் திணறுகிறது. சார்மாண்டர் அதற்கு ஒரு முழம் பின்னே, மூன்றாம் இடத்தில் நிற்கிறது. பிராக்கைக் காட்டி அதைக் கடைசியில் வைப்பது தவறான காரணம். தாமதமாக வரும் நெருப்பும் இறுதிப் போட்டிகளில் அதற்குள்ள வேலைப் பஞ்சமுமே சரியான காரணங்கள். நெருப்பு வகையில் மாற்று கிடைப்பது அரிது என்ற வாதமும் முழுதாக நிற்காது. ரெட்டில் குரோலித்தும், புளூவில் வல்பிக்ஸும் நடுவழியிலேயே கிடைக்கின்றன.

பின்னர் வந்த பதிப்புகள் இந்தக் குறைகளில் சிலவற்றைத் திருத்தின. முதல் ஆட்டங்களில் சிறகிருந்தும் ஃப்ளை கற்க முடியாத சாரிசார்ட், யெல்லோ பதிப்பில் அதைக் கற்றது. அந்தப் பதிப்பில் பிக்காச்சூதான் தொடக்கத் துணை. சார்மாண்டரைச் செருலியனுக்கு வடக்கே ஒருவர் இலவசமாகத் தருவார். 2004இல் வெளியான ஃபயர்ரெட், லீஃப்கிரீன் மறுஆக்கங்களில் பிராக்கின் ஆனிக்ஸ் ராக் டூம் என்ற பாறைத் தாக்குதலைப் பெற்றது. அதற்கு ஈடாக, சார்மாண்டர் 13ஆம் லெவலில் மெட்டல் கிளா கற்கும்படி மாற்றப்பட்டது; பாறை வகைக்கு எஃகு வகை அடி இரட்டிப்பாக விழும்.